படி இருக்கா?

இடது கன்னத்தை மழித்து முடித்து, ஈரத் துணியால் துடைத்துவிட்டு, “இப்ப அந்தக் கன்னத்தைக் காட்டுங்க” என்றாள்.

தலையணையில் அவர் தலை மெல்லத் திரும்பியது. “காட்டிப் பழக்கம்தானே” என்றார்.

“அந்தப் பழக்கத்தாலதான் இந்தக் கதி. சிரிக்காதீங்க, கத்தி கையில இருக்கு.”

ஆனாலும் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, அடங்குவதற்கு வெகுநேரம் ஆனது. அடங்கியதும் நேற்றுக் கேட்டதையே கேட்டார்.

“நெட்டையனுக்குச் சொன்னியா?”

“சொல்லியாச்சு.”

“என்ன சொன்னான்?”

“வர்றேன்னாரு. வாயை மூடுங்க, உதட்டுகிட்ட வர்றேன்.”

அவள் சொல்லியிருக்கவில்லை. நேற்றும் சொல்லவில்லை, இன்றும் சொல்லும் உத்தேசம் இல்லை. சாகக் கிடக்கிற மனிதரிடம் பொய் சொல்கிறோமே என்று ஒரு பக்கம் உறுத்தியது. இன்னொரு பக்கம், இந்த வீட்டைப் பற்றிச் சொல்லப்பட்ட பொய்களின் முன்னால் இது எந்த மூலைக்கு என்றிருந்தது.

படுக்கையறையில் காற்று வராதென்று கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். அதற்காகத் தையல் மெஷினை ஜன்னலோரம் தள்ள வேண்டியிருந்தது. பாதி தைத்த பள்ளிச் சட்டை ஒன்று ஊசிக்கடியிலேயே நின்றது. அந்த மெஷின் இந்த வீட்டுக்குள் வந்ததே நெட்டையனால்தான். அதை நினைக்காமல் ஒரு நாளும் அவள் அதை மிதித்ததில்லை.

அவள் கணவரும் நெட்டையனும் ஒரே கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தவர்கள். பெரிய கண்ணாடித் தகடுகளை இரண்டு பேராகத்தான் தூக்க வேண்டும். முன்னால் போகிறவர் கண்ணாடியைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பார். எதிர்முனையைப் பிடித்து வருகிறவருக்குத்தான் வழி தெரியும். படியோ, வாசலோ, குறுக்கே ஓடும் குழந்தையோ, எதுவானாலும் அவர்தான் குரல் கொடுக்க வேண்டும். பின்பக்கமாக நடப்பவரை ‘முதுகு’ என்பார்கள், வழி சொல்பவரைக் ‘கண்ணு’ என்பார்கள். அவள் கணவர் எப்போதும் முதுகு. நெட்டையன் எப்போதும் கண்ணு. கல்யாணமான புதிதில் அவர் வீட்டுக்குள்ளும் அப்படி நடந்து காட்டுவார். “படி இருக்கா?” என்று கேட்டுக்கொண்டே பின்பக்கமாக வந்து சமையலறை வாசலில் அவள் மேல் மோதுவார். வேண்டுமென்றேதான்.

ஒரு நாள் ஏதோ ஒரு கட்டட வாசலில், நெட்டையன் தெருவில் போன யாரையோ கேலி பேசிக்கொண்டு வந்தான். படி வந்ததைச் சொல்லவில்லை. முதுகு தடுமாறியது. கண்ணாடி ‘கண்ணு’ பக்கம் சாய்ந்தது. நழுவுகிற கண்ணாடியைப் பிடிக்காதே, விட்டுவிட்டு விலகு என்பதுதான் அந்தத் தொழிலின் முதல் பாடம். அவர் விடவில்லை. விட்டிருந்தால் அது நெட்டையன் கழுத்தில் இறங்கியிருக்கும். வலது கையைக் கொடுத்து நிறுத்தினார். அந்தக் கையில் இரண்டு விரல்கள் அன்றைக்கு மடங்கியவை, பிறகு நிமிரவே இல்லை.

முதலாளி விசாரித்தபோது நெட்டையன் சொன்னான், “அவன் குடிச்சிட்டு வந்திருந்தான்.”

இருமல் மருந்தைக்கூட முகத்தைச் சுளித்துக்கொண்டு குடிக்கிறவரைப் பற்றி. வேலை போயிற்று. ஞாயிறுதோறும் சபையில் வேதம் வாசித்துக்கொண்டிருந்தவரிடம், “கொஞ்ச நாளைக்கு வேண்டாமே” என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் இன்னும் முடியவில்லை. அவர் கையால் பொருத்திய ஜன்னல்களுக்குக் கீழே, கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் தப்பும் தவறுமாக வாசிப்பதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவார்.

“ஏன் வாயைத் திறந்து சொல்ல மாட்டேங்கறீங்க?” என்று அப்போது கேட்டாள்.

“அவனுக்கு இப்பத்தான் புள்ள பொறந்திருக்கு. வேலை போனா என்ன பண்ணுவான்?”

“நமக்கு இருக்கறதும் புள்ளதான். பூனைக்குட்டி இல்ல.”

“நமக்கு நீ இருக்கியே” என்றார்.

அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொன்னார். அவள் மெஷினில் உட்கார்ந்தாள். நெட்டையனின் அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. இவள் கண்ணாடியின் பவர் ஏறிக்கொண்டே போனதுதான் மிச்சம். நழுவிய கண்ணாடி ஒன்றைத்தான் அந்த மனிதர் விடவில்லை. மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டார்.

*

மதியத்துக்கு முன்பு போதகர் வந்தார். மேல்மாடி ஏறி வந்ததில் அவருக்கு ஜெபிக்கவே மூச்சில்லை.

“இந்த லிஃப்ட் எப்பம்மா சரியாகும்?”

“கர்த்தர் திரும்ப வர்றதுக்குள்ள ஆயிடும் ஐயா.”

அவர் சிரித்துவிட்டுக் கட்டிலருகே முழங்கால் போட்டார். ஜெபம் முடிந்தபோது நோயாளி தூங்கிப்போயிருந்தார். வாசல்வரை வழியனுப்பப் போனபோது போதகர் தயங்கினார். “யாரையோ பாக்கணும்னு கேக்கறாராம். உங்க மகன் சொன்னாரு.”

மகனைத் திரும்பிப் பார்த்தாள். பேருந்து ஓட்டுகிறவன், அப்பாவுக்காக விடுப்பில் வந்திருந்தான். அவன் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

“ஏழெழுபது தரம் மன்னிக்கணும்னு சொல்ல வர்றீங்க. எனக்கு ஒரு தரத்துக்கே வழியில்ல ஐயா.”

“நான் அதைச் சொல்ல வரல.”

“வேற என்ன?”

போதகர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் இந்தச் சபைக்கு வந்த புதுசுல, அவர் ஏன் கடைசி பெஞ்சுலயே உக்கார்றாருன்னு கேட்டேன். பழைய குடிகாரர்னாங்க. சரின்னு விட்டுட்டேன். அவரையே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல.”

திட்டுவதற்கு வாகாக ஒரு ஆள் கிடைத்தார் என்று நினைத்தால், அவரும் இப்படிக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாரே என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. “பாத்து இறங்குங்க. திருப்பத்துல படி சின்னது” என்று மட்டும் சொன்னாள்.

கதவைச் சாத்தியதும் மகன் சொன்னான், “அந்த ஆளு இங்க வந்தான்னா படியிலயே உருட்டி விட்டுடுவேன்.”

“நீ ஒண்ணும் உருட்ட வேணாம். யாரு கூப்பிட்டா அவரை?”

பிற்பகலில் அவர் நிலைமை மாறியது. கண்கள் பாதி திறந்திருந்தன, ஆனால் பார்க்கவில்லை. இரண்டு கைகளும் போர்வையிலிருந்து எழுந்து, எதையோ இருபுறமும் பிடித்ததுபோல் காற்றில் நின்றன. குதிகால்கள் மெத்தையில் மெல்ல உரசின.

“படி இருக்கா?” என்றார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை.

“படி இருக்காடா?”

“இல்லைங்க. சமதரைதான்” என்று அவர் காதருகே சொன்னாள்.

கேட்டதாகத் தெரியவில்லை. நெற்றியில் வேர்வை அரும்பியது. கைகள் கனம் தாங்காமல் நடுங்கின, ஆனால் இறங்கவில்லை. மகன் மறுபக்கம் உட்கார்ந்து, “அப்பா, கையைக் கீழ போடுங்கப்பா” என்று அழுத்திப் பார்த்தான். நாட்கணக்கில் ஸ்பூனைத் தூக்க முடியாமல் கிடந்த கைகள், அவன் பிடிக்கு இணங்கவில்லை.

“அவன் எங்க? சத்தமே காணோம். படி இருக்கா?”

டாக்டருக்குப் போன் போட்டார்கள். எடுக்கவில்லை. மறுபடி போட்டார்கள். யாரோ ஒரு பெண் எடுத்து, வலிக்குக் கொடுத்த மாத்திரையையே கொடுக்கச் சொன்னாள். வலி இல்லையம்மா, பயம் என்று எப்படிச் சொல்வது? மாத்திரையைக் கரைத்து வாயில் விட்டார்கள், கடைவாயில் வழிந்தது.

“படி இல்லைங்க. நான் பாத்துட்டுத்தானே இருக்கேன். நான் சொல்றேன்ல. வாங்க” என்றாள். கெஞ்சினாள். குரலை உயர்த்தினாள். “என் குரல் கேக்கலியா உங்களுக்கு?”

கேட்கவில்லை. இத்தனை வருஷம் அவரை அதட்டியதும் கொஞ்சியதும் எல்லாம் இந்தக் குரல்தான். அவர் நிற்கிற இடத்தில் அது செல்லுபடியாகவில்லை.

அவருடைய போனைத் தலையணைக்கடியிலிருந்து எடுத்தாள். நெட்டையன் என்ற பெயர் அதில் இல்லை. மேலும் கீழும் தேடினாள். பிறகு சந்தேகம் வந்து ‘க’வில் பார்த்தாள். ‘கண்ணு’ என்று இருந்தது.

மகன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அம்மா” என்றான்.

“சும்மா இரு.”

முதல் மணியிலேயே எடுத்தான். “அண்ணி?”

அவர் போனிலிருந்து அழைத்தால் அது அவள்தான் என்று எப்படித் தெரிந்தது? அவரால் போனைத் தூக்க முடியாமல் போனது இவனுக்குத் தெரிந்திருக்கிறது. அதுவரை பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் காய்கறி வாங்கப் போனபோது, துணி கொடுக்கப் போனபோது. கோபத்தோடு போனை வாயருகே கொண்டுபோனாள்.

“உங்களை அவர் கூப்பிடறாரு. படி இருக்கான்னு கேட்டுட்டே இருக்காரு. நான் சொன்னா காதுல ஏறல. சொல்லுங்க.”

அந்தப் பக்கம் ஒரு கதவு சாத்தப்பட்டது.

“சொல்லுங்கன்னா. அன்னிக்குத்தான் சொல்லல.”

ஸ்பீக்கரைப் போட்டு அவர் காதோடு வைத்தாள். மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. பிறகு கரகரத்த ஒரு குரல், வேலைக்காரக் குரல்.

“இல்லடா. படி இல்ல. வா.”

அவர் புருவம் அசைந்தது.

“சமதரைதான். வா வா. நேரா வா. வலது பக்கம் ஒரு தொட்டி இருக்கு, அதைத் தாண்டியாச்சு. நான் பாத்துக்கறேன். உன் பாட்டுக்கு வா.”

நெற்றிச் சுருக்கம் நீங்கியது. அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். தான் சொல்லிச் சொல்லி ஓய்ந்த அதே வார்த்தைதான். அந்தப் பொய்யன் சொன்னதும் நம்பிவிட்டார். ஒரு படியைச் சொல்லாமல் விட்டு அவர் வாழ்க்கையையே கவிழ்த்தவன், வா என்றதும் வருகிறார். போனைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போல இருந்தது அவளுக்கு. கை வலித்தபோதும் அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப ஒரு படி வருது. சின்னதுதான். மெல்ல கால வை. ஆங், அவ்வளவுதான். இப்ப கீழ வைக்கலாம். மெதுவா. நான் வைக்கறப்ப வை.”

கைகள் இறங்கின. மடங்கிய விரல்கள் போர்வையைத் தொட்டதும், மூச்சு ஒன்று நீளமாக வெளியே போயிற்று. அடுத்ததுக்காகத் தாயும் மகனும் காத்திருந்தார்கள்.

“வச்சிட்டானா அண்ணி?” என்றது போன்.

*

மாலை வெயில் இறங்குமுன் நெட்டையன் வந்துவிட்டான். உயரம் அப்படியே இருந்தது, ஆனால் கொடிக்கம்பு வளைந்ததுபோல் முதுகு வளைந்திருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். மகன் கதவை மறித்து நின்றான்.

“உள்ள விடு” என்றாள்.

“அம்மா, இவன்...”

“உங்கப்பா கூப்பிட்ட ஆளு. நான் கூப்பிடல. விடு.”

நெட்டையன் வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றான். பிறகு சுற்றிக்கொண்டு போய் அந்த வலது கையைத் தொட்டான். மடங்கிய விரல்களை நிமிர்த்தப் பார்த்தான். உயிரோடு இருந்தபோது நிமிராதது இப்போது நிமிருமா?

“அண்ணி, நான் எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். அவன் குடிக்கவே இல்ல. நான்தான்...”

“இப்பவா? அவரு காது கேக்கறப்ப சொல்லியிருக்கணும்.”

“சொன்னேன் அண்ணி. அன்னிக்கே ஆஸ்பத்திரியில போய்ச் சொன்னேன். கால்ல விழுந்தேன். அவன், ‘அதை விடு, புள்ளைக்குப் பேரு வச்சியா’ன்னு கேட்டான்.”

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். கட்டிலில் கிடந்த முகம் காலையில் அவள் மழித்த மழமழப்போடு, ஒன்றுமே தெரியாததுபோல் இருந்தது. அவனே ஒப்புக்கொண்டதை அவர் அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் இவள் விட மாட்டாள், முதலாளி வீட்டுக்கே போய் நிற்பாள் என்று தெரிந்தே சொல்லவில்லை. போயிருப்பாள்தான். செத்துப்போன மனிதரிடம் எப்படிச் சண்டை போடுவது?

“அப்புறம் ஏன் வேற யார்கிட்டயும் சொல்லல?”

நெட்டையன் அந்தக் கையை மெல்லக் கீழே வைத்தான். “முதல்ல வேலைக்குப் பயந்து. அப்புறம் உங்களுக்குப் பயந்து. கீழ தெரு வரைக்கும் வருவேன். மெஷின் சத்தம் கேக்கும். திரும்பிடுவேன்.”

“என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போவுது? ஞாயித்துக்கிழமை சபையில சொல்லுங்க. அவரு உக்காந்த கடைசி பெஞ்சுகிட்ட நின்னு, முன்வரிசைக்குக் கேக்கற மாதிரி சொல்லுங்க.”

“சொல்றேன்.”

“சத்தமா சொல்லணும்.”

“சொல்றேன் அண்ணி.”

அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய், ஊசிக்கடியில் நின்ற பள்ளிச் சட்டையை நூலறுத்து எடுத்து மடித்து வைத்தாள்.

*

மறுநாள் காலை சவப்பெட்டி கொண்டுவந்த பெட்டிக்காரர் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“திருப்பம் குறுகல்மா. பெட்டி படுத்தமேனிக்குத் திரும்பாது. நிறுத்தித்தான் இறக்கணும். கயிறு கட்டிடுவோம், ஒண்ணும் ஆகாது.”

“அவரு என்ன அலமாரியா?”

“இந்த மாதிரி கட்டடத்துல எல்லாரையும் அப்படித்தாம்மா...”

“நிறுத்த வேணாம்.”

மகன் போய்த் திருப்பத்தைக் கையால் அளந்து பார்த்தான். அந்தச் சுவர் முழுக்கக் கீறல்கள். இந்த வீட்டு ஃபிரிட்ஜ் ஏறியபோது விழுந்தது, பக்கத்து வீட்டுக் கட்டில் இறங்கியபோது விழுந்தது, தையல் மெஷின் வந்தபோது விழுந்தது. போதகர் கடிகாரத்தைப் பார்ப்பதும் பார்க்காததுபோல் இருப்பதுமாக நின்றார். பெட்டிக்காரர் கயிற்றைக் கையில் சுற்றியபடி காத்திருந்தார். எல்லோரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். இதையும் அவள்தான் முடிவு செய்ய வேண்டுமா?

கூடத்து மூலையில், யாரும் உட்காரச் சொல்லாததால் உட்காராமல், நெட்டையன் நின்றிருந்தான்.

“படுக்க வச்சே திருப்பலாம்” என்றான், யாரையும் பார்க்காமல். “இதைவிட அகலமான தகட்டை இதைவிடச் சின்னப் படியில இறக்கியிருக்கோம். அவனும் நானும்.”

மகன் தாயைப் பார்த்தான். வேண்டாம் என்று அவள் சொல்வதற்காகக் காத்திருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தச் சொல் தொண்டையிலேயேதான் இருந்தது.

“நீங்க தலைமாட்டைப் பிடிங்க” என்றாள் நெட்டையனிடம். “வழி நீங்கதான் சொல்லணும்.” பிறகு மகனிடம், “நீ முன்னால போ. முதுகுப் பக்கமா.”

“நானா? அவன் சொல்லி நானா?”

“உங்கப்பா போன மாதிரிதான்.”

மகனும் பெட்டிக்காரரும் கால்மாட்டை எடுத்தார்கள். நெட்டையனும் போதகரும் தலைமாட்டை எடுத்தார்கள். பெட்டி சாய்ந்துவிடாமலிருக்க நெட்டையன் தன் உயரத்தையெல்லாம் முழங்காலில் மடக்கிக்கொண்டான். வாசலைத் தாண்டினார்கள். மகன் உதட்டைக் கடித்துக்கொண்டு, குதிகாலால் துழாவிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்தான். முதல் படியின் விளிம்பில் அவன் கால் காற்றில் நின்றது. நெட்டையனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை என்று நேற்றிலிருந்து இருந்தவன். கண்கள் பெட்டிக்கு மேலாக எழுந்து அந்தக் கிழவனைப் பார்த்தன.

“படி இருக்கா?” என்றான்.

நெட்டையனின் தாடை மட்டும் அசைந்தது.

“படி இருக்கான்னு கேக்கறேன்ல!”

“இருக்கு” என்றான் நெட்டையன். “இருக்குப்பா. கால வை. ஆங். அடுத்தது.”

அவள் வீட்டு வாசலிலேயே நின்றாள். பெட்டி திருப்பத்தில் மறைந்தது. குரல் மட்டும் வந்தது. “கால்மாட்டைக் கொஞ்சம் தூக்கு. சுவர்ப் பக்கம் சாயாதே. நில்லு. ஐயா, நீங்க உள்பக்கம் வாங்க. இப்ப திருப்பு. மெல்ல.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். பிறகு இன்னும் கீழிருந்து, “படி. படி. சின்னப் படி.”

ஜன்னலைச் சாத்தினாள். கதவைப் பூட்டினாள். வாசலில் நெட்டையனின் செருப்பு கிடந்தது. வெறுங்காலோடுதான் இறங்கிப் போயிருக்கிறான். தேய்ந்த செருப்பு. வார் அறுந்த இடத்தைக் கறுப்பு நூலால் யாரோ கோணல்மாணலாகத் தைத்திருந்தார்கள். வெளியே தெருவில் சாலை போடுவதற்காகச் சரளை கொட்டி வைத்திருந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது.

அதைத் தாண்டி இறங்கினாள். திருப்பம்வரை போனாள். உள்ளங்கையைச் சுவரில் வைத்துத் தடவிப் பார்த்தாள். எல்லாம் பழைய கீறல்கள்தான்.

கீழேயிருந்து குரல் வந்தது. “சமதரை. அவ்வளவுதான்.”

அவள் மறுபடி மேலே ஏறிப் போனாள். அந்தச் செருப்பை இரண்டு விரலால் எடுத்து, உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்தபடி, படி இறங்கினாள்.